மாதம் தவறாமல் வந்த அத்தை பையன்

சேலையூரில் நாங்கள் குடியிருக்கும் மாடி வீட்டைப் பார்க்கப் போனபோது, வீட்டுக்கார அம்மா அசைவம் கூடாது என்பார், ஆணி அடிக்கக் கூடாது என்பார், தண்ணீரைப் பார்த்துச் செலவழிக்கச் சொல்வார் என்றெல்லாம் எதிர்பார்த்துப் போயிருந்தோம். அவர் போட்டது ஒரே ஒரு நிபந்தனைதான். "வாடகை அஞ்சாம் தேதி குடுத்தாலும் சரி, பத்தாம் தேதி குடுத்தாலும் சரி, நான் கேக்க மாட்டேன். ஆனா கடன்காரன் வந்து என் கேட்டைத் தட்டக் கூடாது" என்றார். எங்களுக்கு முன்னால் இருந்தவர் ஆட்டோவுக்குக் கடன் வாங்கியிருக்கிறார். ஃபைனான்ஸ்காரர்கள் வாசலில் நின்று தெருவே வேடிக்கை பார்க்கும்படி கத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். அடுத்த மாதமே அவரைக் காலி செய்யச் சொல்லிவிட்டாராம். "பாவமாத்தான் இருந்தது. அதுக்கு நான் என்ன பண்ண முடியும், தனியா இருக்கறவ" என்றார்.

"நாங்க அந்த மாதிரி ஆளுங்க இல்லம்மா" என்றேன். கொஞ்சமும் வாய் கூசவில்லை. நான் அதைச் சொல்லும்போது சட்டைப் பையில் கைபேசி விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. யார் என்று எடுத்துப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. அந்த நேரத்தில் என்னை அவ்வளவு அக்கறையாகக் கூப்பிடக்கூடியவர்கள் கடன் கொடுத்த கம்பெனிக்காரர்கள் மட்டும்தான்.

கடன் எதற்கு வாங்கினேன் என்று யாராவது கேட்டால் வைத்தியச் செலவு என்று சொல்லிவிடுவேன். உண்மை அது இல்லை. மகள் பெரியவளானபோது குரோம்பேட்டையில் மண்டபம் பிடித்து மஞ்சள் நீராட்டு விழா நடத்தினேன். மேடையில் புகை வந்தது, அவள் உட்கார ஊஞ்சல் வந்தது, ஐஸ்கிரீமுக்குத் தனி கவுன்டர். அப்போது நாவலூரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் ஆட்களை ஏற்றி இறக்கும் வண்டிகளைக் கவனிக்கும் வேலையில் இருந்தேன். டிரைவர்கள் எல்லாரும் சார் சார் என்பார்கள். அந்த சாருக்குத் தகுந்த மாதிரி விழா இருக்க வேண்டும் என்று நானே நினைத்துக்கொண்டேன். மகள் கேட்டது ஒரு புது டிரெஸ் மட்டும்.

பிறகு கம்பெனி வண்டி வேலையை வெளி ஆளிடம் விட்டுவிட்டது, நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். கடைசியில் ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு ஹார்டுவேர் கடையில் சரக்குக் கணக்குப் பார்க்கும் வேலை கிடைத்தது. சம்பளம் பழையதில் பாதி. குரோம்பேட்டை ஃபிளாட்டைக் காலி செய்து சேலையூருக்கு வந்ததற்கு வாடகை ஒரு காரணம், மகளின் பள்ளிக்கூடம் நடந்து போகிற தூரத்தில் இருப்பது இன்னொரு காரணம். அவள் பிளஸ் டூ. இங்கேயும் காலி செய்யச் சொல்லிவிட்டால் அந்த வருடம் அவள் படிப்பு என்னவாகும் என்பதுதான் எனக்கும் மனைவிக்கும் இருந்த ஒரே பயம். இன்னொரு வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க எங்களிடம், மனைவியின் பழைய கம்மலைத் தவிர, ஒரு குண்டுமணித் தங்கம்கூட மிச்சமில்லை.

கலெக்ஷன்காரர் முதன்முதலில் வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். பைக் நிற்கும் சத்தம் கேட்டு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தேன். முப்பது வயதிருக்கும். சட்டையை இன் பண்ணி, தோளில் குறுக்காகப் பையை மாட்டியிருந்தார். வீட்டுக்கார அம்மா முன்புறத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். "யாருப்பா, யாரைப் பார்க்கணும்?" என்று அவர் கேட்டது என் காதில் விழுந்தது. படிகளில் எப்படி இறங்கினேன் என்று தெரியாது. அந்த மனிதர் வாயைத் திறப்பதற்குள் நான் திறந்துவிட்டேன்.

"எங்க அத்தை பையன்மா. செங்கல்பட்டுலேர்ந்து வந்திருக்கான்."

வேறு எதை எதையோ சொல்லியிருக்கலாம். கடையிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வாயில் வந்தது அத்தை பையன். செங்கல்பட்டில் எனக்கு உண்மையாகவே ஒரு அத்தை பையன் இருக்கிறான், மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறான். என் வயதுதான். என் தங்கையைத்தான் கட்டியிருக்கிறான். கடன் வாங்கும்போது சொந்தக்காரர் ஒருவரின் நம்பர் வேண்டும் என்றார்கள், அவனைக் கேட்காமலே அவன் நம்பரைக் கொடுத்திருந்தேன். அந்த உறுத்தலில் சில மாதங்களாக அவன் போனையும் எடுப்பதில்லை, தங்கை போனையும் எடுப்பதில்லை. மனதில் எந்நேரமும் அவன் உட்கார்ந்திருந்ததால் நாக்கிலும் அவனே வந்துவிட்டான் போலிருக்கிறது.

கலெக்ஷன்காரர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. ஹெல்மெட்டைக் கழற்றி, "வணக்கம்மா, நல்லாருக்கீங்களா?" என்றார். அந்த அம்மா உடனே கீரையை ஒதுக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போனார்.

மாடிக்கு வந்ததும் அவர் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்தார். "இன்னா சார், அத்தை பையனா? முன்னாடியே சொல்லியிருந்தா பழம் கிழம் வாங்கினு வந்திருப்பேன்ல."

என் மனைவி சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. மகள் அறைக் கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது. நான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கத்த மட்டும் வேண்டாம், இந்த வீட்டை விட்டால் போக இடமில்லை, பெண்ணுக்குப் பரீட்சை என்றெல்லாம். நாவலூரில் முப்பது டிரைவர்களை விரட்டி வேலை வாங்கிய வாய், அன்று கெஞ்சக் கற்றுக்கொண்டுவிட்டது. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். இந்த மாதிரி கதைகளை நிறையக் கேட்டிருப்பார் என்று தெரிந்தது.

"நான் கத்த மாட்டேன் சார். எங்க டீம் அப்டி இல்ல. ஆனா ஒண்ணும் குடுக்காத விட்டீங்கன்னா உங்க ஃபைலு வேற டீமுக்குப் பூடும். அவனுங்க வந்தா, கேட்டுல இருந்தே ஆரம்பிப்பானுங்க. அது என் கையில இல்ல."

அடுத்த நாள் குரோம்பேட்டையில் இருந்த அவர்களுடைய பிராஞ்சுக்குப் போனேன். மேனேஜர் என்னைவிட ரொம்பச் சின்னவர். மொத்தமாக ஒரு தொகை கட்டினால் பாக்கியைத் தள்ளி, செட்டில்மென்ட் என்று முடித்துத் தருகிறோம் என்றார். மொத்தமாகக் கட்டப் பணம் இருந்தால் நான் ஏன் அவர் எதிரே கைகட்டி உட்கார்ந்திருக்கப் போகிறேன். செக் திரும்பியதற்கு ஒரு கட்டணம், தாமதத்துக்கு ஒரு வட்டி, அந்த வட்டிக்கு ஒரு வரி என்று திரையில் காட்டினார். தாம்பரம் மார்க்கெட்டில் வெண்டைக்காய்க்குப் பேரம் பேசுகிற மாதிரி ஒவ்வொன்றாகக் குறைக்கச் சொல்லிப் பேசினேன். நடுவில் ஒரு தடவை பழைய மிடுக்கு வந்து குரலை உயர்த்தினேன். பக்கத்து மேஜையில் இருந்த பெண் திரும்பிப் பார்த்ததும் அடங்கிவிட்டேன்.

கடைசியில் இப்படி முடிவானது. தவணையில் பாதியை மாதாமாதம் கட்டுவது, ஒழுங்காகக் கட்டினால் அபராத வட்டியை முடிவில் தள்ளிவிடுவது. எழுத்தில் கேட்டேன், மெயில் அனுப்பினார். பணத்தை பிராஞ்சிலேயே கட்டிவிடுகிறேன், வீட்டுக்கு ஆள் வேண்டாம் என்றும் கேட்டேன். அது மட்டும் நடக்காது என்றுவிட்டார். பாக்கி விழுந்த கடன் என்றால் மாதத்துக்கு ஒருமுறை ஆள் நேரில் போய், வீட்டு வாசலில் நின்று லொகேஷன் பதிவு செய்ய வேண்டுமாம். அப்படிப் பதிவானால்தான் அவர்கள் கணக்கில் அது விசிட்.

ஆக, கடன் இருக்கும்வரை எனக்கு அத்தை பையனும் இருக்க வேண்டியதாகிவிட்டது.

அவர் பெரும்பாக்கம் குடியிருப்பிலிருந்து வருவார். சிட்டிக்குள் இருந்த வீட்டை இடித்து அவர்களை அங்கே மாற்றியிருந்தார்கள். மாதத்தில் முதல் ஞாயிறு, கேட்டுக்கு வெளியே பைக்கை நிறுத்தி, கைபேசியில் ஏதோ தட்டிவிட்டு உள்ளே வருவார். "அத்தை பையன் வந்துட்டாரு, போய்க் கும்பிடுங்க" என்பாள் மனைவி. அவள் குரலில் இருந்த விஷத்துக்கு நான் தகுதியானவன்தான். இறங்கிப் போவேன்.

வீட்டுக்கார அம்மாவுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. அந்த அம்மாவின் பையன் வெளிநாட்டில் இருக்கிறான், போன் பேசுவதே அபூர்வம். "மாசம் பொறந்தா மாமா பையனைப் பார்க்க ஓடி வர்றாரே, இந்தக் காலத்துல யாரு இப்படி இருக்கா" என்று தெருவில் எல்லாரிடமும் சொல்லிவைத்தார். அவர் வந்தால் தாழ்வாரத்தில் உட்காரவைத்து காபி கொடுக்காமல் விடமாட்டார். அந்த அம்மா இருக்கும்போது அவர் பேச்சே வேறாக இருக்கும். என்னை வாய் நிறைய மச்சான் என்பார். அவர் தொழிலில் எத்தனையோ வேஷம் போட வேண்டியிருந்திருக்கும், இதுவும் ஒன்று என்று எடுத்துக்கொண்டார் போல.

ஒரு மாதம் பணம் குறைந்தது. மீதி அடுத்த மாதம் என்றேன். மாடியில் தலையாட்டிவிட்டுக் கீழே இறங்கியவர், தாழ்வாரத்தில் உட்கார்ந்துகொண்டார். காபி குடித்து முடித்தும் எழுந்திருக்கவில்லை. "மச்சான்கூட கொஞ்ச நேரம் பேசிட்டுப் போலாம்னு இருக்கேம்மா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். வீட்டுக்கார அம்மா மதியம் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று இலை வாங்கக் கிளம்பிவிட்டார். நான் கேம்ப் ரோட்டுக்கு ஓடிப்போய், எங்கள் கடை முதலாளியிடம் போனிலேயே கெஞ்சி முன்பணம் அனுப்பச் சொல்லி, எடுத்து வந்து கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒரு மாதமும் குறைத்ததில்லை. கத்துவதைவிட அது நன்றாகவே வேலை செய்தது.

ஒரு நாள் அந்த அம்மா கேட்டார், "அத்தை பையன்னா முறைப்பையன் ஆச்சே. உங்க தங்கச்சிக்கு இவரைப் பார்க்கலியா?" நான், "தங்கச்சிய வெளியில குடுத்துட்டோம்மா" என்றேன். ஒரே வாக்கியத்தில் தங்கையின் கல்யாணத்தையும் இல்லாமல் ஆக்கினேன். இன்னொரு நாள் கலெக்ஷன்காரரிடம், "உங்க அம்மா எப்படி இருக்காங்க? அவங்களை ஒருநாள் கூட்டிட்டு வரக் கூடாதா?" என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். "இருக்காங்கம்மா. மூட்டு வலிதான். நாலாவது மாடி, லிஃப்ட் ஓடாது. படி ஏற முடியல" என்றார். அவர் சொன்னது அவருடைய சொந்த அம்மாவைப் பற்றி. ஆனால் அந்த இடத்தில் அவர் என் அத்தையின் பிள்ளை. என் அத்தை இறந்து வருடம் திரும்பியிருந்தது.

அப்போது நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். அத்தை தவறிவிட்டார், இது வேறு என்று எப்படியோ சமாளித்திருக்கலாம். எனக்கு ஆறுதல்தான் வந்தது, பேச்சு இயல்பாகப் போகிறதே என்று. வீட்டுக்கார அம்மா உள்ளே போய்த் தைலம் ஒரு புட்டி எடுத்து வந்து, "அம்மாவுக்குத் தடவச் சொல்லுங்க" என்று கொடுத்தார். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் அத்தையின் மூட்டு வலி விசாரிக்கப்பட்டது. சின்ன வயதில் பள்ளி லீவு விட்டால் நான் அத்தை வீட்டில்தான் கிடப்பேன். அந்த அத்தையை நான் வாடகை வீட்டுக்காகத் தாழ்வாரத்தில் உயிரோடு உலவவிட்டேன்.

என் நிஜ அத்தை பையனுக்கு, அந்தச் செங்கல்பட்டு மச்சானுக்கு, போன் போயிருக்கிறது என்பதும் இவர் மூலமாகத்தான் தெரிந்தது. ஒருநாள் ரசீது எழுதிக்கொண்டே சொன்னார். "உங்க ரெஃபரன்ஸ் ஆளு ஒருத்தர் கீறாரு இல்ல சார், செங்கல்பட்டு. நீங்க போன் எடுக்காத மாசமெல்லாம் அவருக்குத்தான் நான் பண்ணுவேன். நல்ல மனுசன் சார். மத்தவங்கன்னா கெட்ட வார்த்தைல திட்டுவாங்க. இவரு, 'அவன் குடுத்துடுவான் சார், கொஞ்சம் டைம் குடுங்க'ன்னுவாரு." நான் ரசீதை வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன். அன்றைக்கே மச்சானைக் கூப்பிட்டுப் பேசியிருக்க வேண்டும். வெட்கமாக இருந்தது, அதனால் கூப்பிடவில்லை. கூப்பிடாத வெட்கமும் அதோடு சேர்ந்துகொண்டது.

மகளுக்குப் பொதுத்தேர்வு நெருங்கிய மாசி மாதம். ஞாயிற்றுக்கிழமை. கலெக்ஷன்காரர் தாழ்வாரத்தில் காபி குடித்துக்கொண்டிருந்தார், நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். கேட் திறந்தது. மஞ்சள் பையும் ஸ்வீட் பாக்கெட்டுமாக மச்சான் உள்ளே வந்தான். இந்த வீட்டுக்கு அவன் வந்ததே இல்லை. போனை நான் எடுக்காததால் தங்கை என் மனைவியிடம் விலாசம் கேட்டு வாங்கியிருக்கிறாள். மனைவி அதை என்னிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் ஏதாவது சாக்குச் சொல்லித் தடுத்துவிடுவேன் என்று அவளுக்குத் தெரியும்.

என்னைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது. எத்தனையோ தடவை தன் போனை எடுக்காதவனைப் பார்த்து அப்படிச் சிரிக்க அவனால்தான் முடியும்.

"வாங்க வாங்க, யாருப்பா இது?" என்றார் வீட்டுக்கார அம்மா. நான் வாயைத் திறந்தேன். அந்த அம்மாவுக்கு விருந்தாளிகள் என்றால் உற்சாகம், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "உக்காருங்க. இது இவரோட அத்தை பையன், செங்கல்பட்டு. மாசம் தவறாம வந்துடுவார். சொந்தம்னா இப்படி இருக்கணும்" என்று மச்சானுக்கு அறிமுகம் செய்துவைத்தார். அதே மூச்சில் கலெக்ஷன்காரர் பக்கம் திரும்பி, "கேக்கவே மறந்துட்டேன், அம்மாவுக்கு மூட்டு வலி எப்படி இருக்கு? தைலம் தீர்ந்திருக்குமே" என்றார்.

கலெக்ஷன்காரருக்கு வந்திருப்பது யார் என்று தெரியாது. "இப்ப பரவால்லம்மா. நேத்து மாடிப்படி ஏறினாங்க" என்றார்.

மச்சான் தலையைக் கொஞ்சம் சாய்த்தான். கடையில் ஒரு மோட்டாரை ஓடவிட்டு எங்கே கோளாறு என்று கேட்கும்போது அவன் தலையை அப்படித்தான் சாய்ப்பான். அந்தக் குரலைப் போனில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறான். இவர் யார் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. தன் பெயரில் வேறொருவர் உட்கார்ந்து காபி குடிப்பதும், தன் அம்மா மாடிப்படி ஏறியதாகச் சொல்வதும் புரிந்துவிட்டது. கையிலிருந்த மஞ்சள் பையைத் தொங்கவிட்டபடி என்னைப் பார்த்தான். கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவன் முகத்தில் கோபமே இல்லை, குழப்பம்தான் இருந்தது. என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்கிற மாதிரி இருந்தது.

மாடியிலிருந்து மகள் கெமிஸ்ட்ரியைச் சத்தம் போட்டுப் படிப்பது கேட்டது. மச்சானும் நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்த்தான். இவன்தான் என் அத்தை பையன் என்று நான் சொல்ல வேண்டிய நேரம் அது. சொன்னால் அடுத்த கேள்வி, அப்படியானால் மாதாமாதம் வருகிற இவர் யார் என்பது. நான் சொல்லவில்லை.

"நீங்க யாருன்னு சொல்லவே இல்லியே?" என்றார் அந்த அம்மா.

"நான் நாவலூர் கம்பெனியில சார்கிட்ட வண்டி ஓட்டிட்டிருந்தேம்மா" என்றான் மச்சான். "இந்தப் பக்கமா வந்தேன், சாரைப் பாத்துட்டுப் போலாம்னு."

நிற்க நேரமில்லை என்று சொல்லி காபியை மறுத்துவிட்டான். ஸ்வீட் பாக்கெட்டை என் கையில் கொடுத்து, "பாப்பாவுக்குக் குடுங்க சார்" என்றான். பையில் சிவப்பு அட்டையும் மஞ்சள் தடவிய ஓரமுமாகப் பத்திரிகை தெரிந்தது. அதை அவன் எடுக்கவில்லை. திரும்பியவன் ஒரு கணம் நின்று, கலெக்ஷன்காரரைப் பார்த்து, "அம்மாவ நல்லாப் பாத்துக்குங்க தம்பி" என்றான். பிறகு என்னிடம், "வரேன் சார்" என்றான்.

கேட் வரைக்கும்கூட நான் போகவில்லை. பழைய டிரைவரை வழியனுப்ப யாராவது தெருமுனை வரை ஓடுவார்களா, அந்த அம்மா என்ன நினைப்பார் என்று அந்த நேரத்திலும் என் மூளை கணக்குப் போட்டது. அவன் செருப்புச் சத்தம் தெருவில் குறைந்துகொண்டே போனது. "நல்ல மரியாதை தெரிஞ்ச டிரைவர்" என்றார் வீட்டுக்கார அம்மா.

மாடிக்கு வந்ததும் கலெக்ஷன்காரர் உட்காரவில்லை. "சார், போன்ல கேட்ட கொரலா கீதே, அவருதானா?" என்றார். தலையாட்டினேன். "அவங்க அம்மா?" என்றார். இறந்துவிட்டார்கள் என்றேன். அவர் ரசீதுப் புத்தகத்தைத் திறந்தார், எழுதாமல் மூடினார். "நீங்க சொல்லவே இல்லியே சார். சொல்லியிருந்தா நான் வேற எதனா சொல்லியிருப்பேனே. செத்தவங்கள வச்சுகினு நான் ஏன் சார் பேசப்போறேன்" என்றார். அவர் குரல் ஏறியது அந்த ஒரு தடவைதான். பணத்துக்காக அவர் என்னிடம் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை. அடுத்த மாதத்திலிருந்து வாசலில் நின்று லொகேஷன் போட்டு, பணத்தை வாங்கிக்கொண்டு அப்படியே போய்விடுவார். அவசர வேலை என்று காபியை மறுத்துவிடுவார். அத்தை பையனுக்கு என்ன கோபம் என்று வீட்டுக்கார அம்மா இன்றைக்கும் என்னைக் கேட்கிறார்.

அடுத்த நாள் தங்கை மனைவியின் போனில் கூப்பிட்டாள். "நேத்து அவர் வந்தாரு, நீ வீட்ல இல்லியாமே. வீடு பூட்டியிருந்ததுன்னாரு" என்றாள். ஆமாம் என்றேன். ரொம்ப வருடம் கழித்துப் பிறந்த அவள் பெண்ணுக்குக் காது குத்து, திருப்போரூர் கோயிலில். "தாய்மாமன் நீ வந்து மடியில வச்சுக்கலன்னா நான் குத்தவே மாட்டேன், சொல்லிட்டேன். சீர் செனத்தி ஒண்ணும் வேணாம், நீ வந்தாப் போதும்" என்றாள். மச்சான் அவளிடம் வேறு எதுவுமே சொல்லியிருக்கவில்லை.

மகளுக்குத் தேர்வு முடிந்த பிறகுதான் விழா. ஒரு தாளையும் விடாமல் அந்த வீட்டிலிருந்தே நடந்து போய் எழுதினாள். மனைவி தன் பழைய கம்மலைப் போட்டு, பொட்டுத் தங்கத்தில் ஒரு ஜோடித் தோடு மாற்றி வாங்கினாள். கோயிலில் மச்சான் எங்களை எல்லாரையும் போலவே வரவேற்றான். மகளின் தலையைத் தடவிப் பரீட்சை எப்படி எழுதினாய் என்று கேட்டான். என் தட்டை வாங்கி வைத்தான், தம்பிக்குக் காபி கொடுங்கள் என்று என் மனைவியின் தம்பியை உபசரித்தான். என் பக்கம் திரும்பும்போது மட்டும் என் தோளுக்கு மேலே எதையோ பார்த்தான்.

நான் மணையில் உட்கார்ந்தேன். மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தையை என் மடியில் வைத்தார்கள். என்னை அடையாளம் தெரியாததால் அது முதலில் திமிறியது. ஆசாரி ஊசியை எடுத்தபோது மச்சான் குனிந்து குழந்தையின் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டான். அவன் கை என் நெஞ்சில் பட்டுக்கொண்டிருந்தது. குத்தியதும் குழந்தை வீறிட்டது, சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தங்கை அழுதுகொண்டே சிரித்தாள்.

"அத்தை மட்டும் இன்னிக்கு உசுரோட இருந்திருந்தா எப்படிப் பூரிச்சிருக்கும்" என்றாள்.

மச்சான் அன்றைக்கு முதல் முறையாக என் முகத்தைப் பார்த்தான். நான் குழந்தையின் தலையில் இருந்த சந்தனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.